கிருஷ்ணகிரி, தர்மபுரியிலருந்து வேன் பிடிச்சு மாரத்தஹள்ளி அவுட்லெட்டுக்கு ஒரே நாள்ல போயிட்டு வர்றது எப்படி: முழுமையான வழிகாட்டி

பெங்களூரு மாரத்தஹள்ளி பிரிட்ஜை சுத்தி ரிங் ரோட்லயும் வர்த்தூர் ரோடு பக்கமும் பிராண்டு கம்பெனிங்களோட ஃபேக்டரி அவுட்லெட் வரிசையா இருக்கு. போன சீசன் சரக்கு, கட் சைஸ் (எல்லா சைஸும் இல்லாம மிச்சம் கிடக்குறது), சின்னக் குறை இருக்குற பீஸ் எல்லாம் அங்க தள்ளுபடியில வரும். நம்ம தெருவுல நாலு குடும்பம் சேர்ந்தா ஒரு வேன், காலையில போயிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம்.

புதுசா போறவங்க சொதப்புறதுல முக்கால்வாசி கடையில நடக்குறது கிடையாது, கிளம்புறதுக்கு முன்னாடியே நடந்துடுது. அதனால இதுல பாதி வேன் ஏறுறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது தான். வரிசையை மாத்தாதீங்க, ஒண்ணு முடிஞ்சா தான் அடுத்தது சரியா வரும்.

1. முதல்ல தேதி, அப்புறம் தான் ஆளு

எல்லாரும் ஆளை சேர்த்துட்டு தான் தேதி தேடுவாங்க. அப்படிப் போனா ஒருத்தருக்கு முகூர்த்தம், ஒருத்தருக்கு காதுகுத்து, கடைசியில வேனே கிடைக்காத ஒரு நாள்ல வந்து நிக்கும். நீங்களே தேதி வெச்சுட்டு, வர முடிஞ்சவங்க வாங்கன்னு சொல்லுங்க.

என்னைக் கேட்டா ஆடி மாசம் தான் பெஸ்ட். பிராண்டு கம்பெனிங்க சீசன் முடிவு சேலை ஜூன் கடைசியிலருந்து ஆகஸ்ட் வரைக்கும் ஓட்டுவாங்க, அதே நேரம் நம்ம பக்கம் ஆடியில கல்யாணம் கிடையாது, ட்ராவல்ஸ்காரங்க வண்டியை ஷெட்ல போட்டுட்டு சவாரிக்கு காத்திருப்பாங்க, வாடகையும் பேசி குறைக்கலாம். ஆடி 18 மட்டும் வேண்டாம். அன்னிக்கு மாவட்டத்துல இருக்குற வேனெல்லாம் ஒகேனக்கல்ல தான் நிக்கும்.

இன்னொரு சேல் டிசம்பர் கடைசியில ஆரம்பிக்கும். மார்கழியிலயும் கல்யாணம் இல்லையே, வேன் ஈஸியா கிடைக்கும்னு நினைப்பாங்க, கிடைக்காது. சபரிமலைக்கும் மேல்மருவத்தூருக்கும் போயிடும். அப்ப போகணும்னா நவம்பர்லயே சொல்லி வைங்க.

கிழமை ஞாயித்துக்கிழமை. பெங்களூருல வேலை பார்க்குற நம்மாளுங்க வெள்ளி சாயங்காலமும் சனி காலையிலயும் ஊருக்கு வருவாங்க, ஞாயிறு சாயங்காலம் திரும்புவாங்க. நாம ஞாயிறு காலையில உள்ள போறோம், சாயங்காலம் வெளிய வர்றோம், ரெண்டு வாட்டியும் அந்தக் கூட்டத்துல மாட்ட மாட்டோம். வேலை நாள்ல போனா ஐடி கம்பெனி டிராஃபிக்ல ரிங் ரோட்லயே மதியம் ஆயிடும்.

2. ஆள் சேர்க்குறப்பவே அட்வான்ஸ் வாங்கிடுங்க

"வர்றேன் அக்கா, பேரை எழுதிக்கோங்க"ன்னு சொல்ற வாயை நம்பி வேன் பேசாதீங்க. பேர் குடுக்குறப்பவே தலைக்கு ஒரு தொகை வாங்கிடணும். கடைசி நாள் ரெண்டு பேர் கழண்டா அவங்க பங்கை மீதி இருக்குறவங்க தலையில கட்ட வேண்டி வரும், அங்க தான் மனஸ்தாபம் ஆரம்பிக்கும்.

17 சீட்டு வண்டின்னா 15 பேரோட நிறுத்திக்கோங்க. டெம்போ ட்ராவலர்ல பின்னாடி டிக்கி சின்னது, போறப்ப தெரியாது, வர்றப்ப ஷூ டப்பாவும் பையும் மடியில தான் உக்காரும். காலியா விடுற அந்த ரெண்டு சீட்டு சாமானுக்கு.

சின்னக் குழந்தைங்களை முடிஞ்சா பாட்டி வீட்ல விட்டுட்டு வரச் சொல்லுங்க. மனசு கேக்காது தான், ஆனா மூணு வயசுக் குழந்தை பதினோரு மணிக்கு மேல கடையில நிக்காது, அப்புறம் அம்மாவும் ஒண்ணும் எடுக்க முடியாது, கூட வந்தவங்களும் எடுக்க முடியாது.

3. வேன் பேசுறப்ப கேக்க வேண்டியது

இது ரொம்ப முக்கியம், கொஞ்சம் விலாவாரியாவே சொல்றேன்.

முதல் கேள்வி பெர்மிட். வண்டிக்கு ஆல் இந்தியா டூரிஸ்ட் பெர்மிட் இருக்கான்னு கேளுங்க. தமிழ்நாடு பெர்மிட் மட்டும் இருந்தா ஸ்பெஷல் பெர்மிட் எடுத்து கர்நாடகா டேக்ஸும் தனியா கட்டணும், அதை ஆன்லைன்ல முன்னாடியே கட்டி ரசீது வண்டியில இருக்கணும். இதைக் கேக்காம போய் மாநில எல்லையில இருக்குற அத்திப்பள்ளியில ஓரங்கட்டி நிறுத்திட்டா, ஆர்.டி.ஓ. ஆளுங்க பேப்பர் பார்த்து முடிக்கிறதுக்குள்ள கடை திறந்து ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். வண்டியில வர்றவங்க பேர், வயசு எழுதுன லிஸ்ட் ஒண்ணு டிரைவர் கையில குடுத்துடுங்க, கேட்டா காட்டிக்கலாம், தலை எண்றதுக்கும் உதவும்.

மஞ்சள் போர்டு வண்டி தான் எடுக்கணும். தெரிஞ்சவங்க வெள்ளை போர்டு வேனை கம்மி காசுக்குத் தர்றேன்னாலும் வேண்டாம், சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டி ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரங்க கையை விரிச்சிடுவாங்க.

அடுத்து வாடகைக் கணக்கு. கிலோமீட்டர் ரேட் சொல்றவங்க ஒரு நாளைக்கு குறைஞ்சபட்சம் இத்தனை கிலோமீட்டர்னு ஒண்ணு வெச்சிருப்பாங்க. கிருஷ்ணகிரியிலருந்து போயிட்டு வந்தா 200 கிலோமீட்டர் பக்கம் தான் வரும், அந்த மினிமத்தையே தொடாது, ஓட்டாத தூரத்துக்கும் காசு குடுப்பீங்க. அதனால கிருஷ்ணகிரிக்காரங்க நாள் வாடகையா பேசுறது லாபம். தர்மபுரின்னா 300 கிட்ட வரும், அங்க கிலோமீட்டர் ரேட்டும் கட்டுபடியாகலாம், ரெண்டையும் போட்டுப் பாருங்க. கிலோமீட்டர் எங்கருந்து ஆரம்பிக்குதுன்னும் கேளுங்க. ஷெட்லருந்து ஷெட் வரைக்கும்னா, ஷெட் காவேரிப்பட்டணத்துல இருந்து நீங்க கிருஷ்ணகிரியில ஏறுனா அந்தத் தூரமும் உங்க கணக்கு தான்.

டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா இதெல்லாம் வாடகைக்குள்ளயா வெளியவா? வாயால கேட்டா போதாது, பேசி முடிச்சதும் வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜா போட்டு "சரி"ன்னு பதில் வாங்கிடுங்க. டோல் தனின்னா, இறங்குறப்ப டிரைவரோட ஃபாஸ்டேக் எஸ்.எம்.எஸ்ஸைப் பார்த்துக் குடுங்க, மனக்கணக்கா ஒரு தொகை சொல்ல விடாதீங்க.

ஏசி போற வழி பூரா ஓடுமா, மாரத்தஹள்ளிக்கு டிரைவர் முன்னாடி போயிருக்காரா, இந்த ரெண்டும் கேட்டுட்டா போதும்.

4. வீட்லயே அளவு எடுங்க, லிஸ்ட் போடுங்க

இடுப்பு 32ன்னு போட்ட ஜீன்ஸ் ஒரு கம்பெனியில இறுக்கும், இன்னொண்ணுல கழண்டு விழும். அதனால நம்பரை நம்பாதீங்க. வீட்ல சரியா பொருந்துற ஒரு பேண்ட்டையும் ஒரு சட்டையையும் தரையில விரிச்சு டேப் வெச்சு இடுப்பு, நீளம், தோள், மார்பு நாலையும் அளந்து போன்ல எழுதிக்கோங்க. டேப்பையும் கைப்பையில போட்டுக்கோங்க. கூட வராதவங்களுக்கு எடுக்குறதுன்னா இது இல்லாம எடுக்கவே கூடாது.

ஷூவுக்கு இன்னும் கவனம். வராதவரோட காலை ஒரு பேப்பர்ல வெச்சு பேனாவால சுத்தி வரைஞ்சு, குதிகால்லருந்து கட்டை விரல் நுனி வரைக்கும் எத்தனை சென்டிமீட்டர்னு குறிச்சுக்கோங்க. டப்பாவுலயும் ஷூ நாக்குலயும் (லேஸுக்கு அடியில இருக்குற பட்டை) யூகே, யூஎஸ், ஈயூன்னு மூணு நம்பர் போட்டிருக்கும், பெரும்பாலும் சென்டிமீட்டரும் இருக்கும். ஆம்பளைங்க ஷூவுல யூகே 8ன்னா யூஎஸ் 9 பக்கம். "மாமாவுக்கு 8"ன்னு மட்டும் மனசுல வெச்சுட்டுப் போய் யூஎஸ் 8 எடுத்துட்டு வர்றவங்க எல்லா ட்ரிப்புலயும் ஒருத்தராவது இருப்பாங்க.

லிஸ்ட்ல பேர், என்ன பொருள், அளவு, அதிகபட்சம் எவ்வளவு வரைக்கும், இந்த நாலு இருந்தா போதும். கடைசியா இருக்குற அந்த அதிகபட்ச விலை தான் உங்களைக் காப்பாத்தும். 60 பர்சென்ட் தள்ளுபடின்னு சிவப்பு போர்டைப் பார்த்ததும் வீட்ல யாருக்கும் தேவையில்லாத ஜாக்கெட் கைக்கு வந்துடும், கிருஷ்ணகிரி வெயிலுக்கு அதை எப்ப போடப் போறோம்னு பில் போட்ட பிறகு தான் தோணும்.

5. கிளம்புற நேரமும் ரூட்டும்

கடைங்க பெரும்பாலும் பத்தரை, பதினொண்ணுக்கு தான் திறக்கும். கிருஷ்ணகிரியிலருந்து ஆறரை, தர்மபுரியிலருந்து அஞ்சரை. டிபனை ஓசூர்ல முடிச்சுட்டு, கடை ஷட்டர் தூக்குறப்ப நாம வாசல்ல இருக்கணும். மொதல் ரெண்டு மணி நேரம் தான் கடை நம்ம கையில, மதியத்துக்கு மேல பெங்களூருக்காரங்க வந்துடுவாங்க.

ரூட் ரெண்டு இருக்கு. ஒண்ணு ஓசூர், அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, அங்கருந்து ரிங் ரோட்ல பெல்லந்தூர் வழியா மாரத்தஹள்ளி. இன்னொண்ணு அத்திப்பள்ளியில வலது பக்கம் திரும்பி சர்ஜாபுரா, தொம்மசந்திரா, வர்த்தூர் வழி. ஞாயிறு காலையில முதல் ரூட்டே போதும், ரோடு நல்லா இருக்கும். சில்க் போர்டு பக்கம் மேப்ல சிவப்பா காட்டுனா மட்டும் அத்திப்பள்ளியிலயே முடிவு பண்ணுங்க, அதைத் தாண்டிட்டா திரும்புறது கஷ்டம். டிரைவர் மேப் பார்க்க மாட்டார், பக்கத்து சீட்ல உக்கார்ற ஆளு தான் பார்க்கணும், அந்த ஆளை முன்னாடியே முடிவு பண்ணிடுங்க.

ஆள் சேரலன்னா ரெண்டு மூணு பேரா பஸ்லயும் போகலாம். பெங்களூரு பஸ் ஏறி சில்க் போர்டுல இறங்கி 500டி சிட்டி பஸ் பிடிச்சா மாரத்தஹள்ளி. டிராஃபிக் இருந்தா பொம்மசந்திராவுலயே இறங்கிடுங்க, 2025 ஆகஸ்ட்ல திறந்த மஞ்சள் லைன் மெட்ரோ அங்கருந்து சில்க் போர்டுக்குப் போகுது, அதுக்கப்புறம் அதே 500டி. ஒண்ணு சொல்லிடறேன், கர்நாடகா சக்தி திட்டத்துல பஸ்ல பொம்பளைங்களுக்கு ஃப்ரீங்கிறது அந்த மாநிலத்துக்காரங்களுக்கு மட்டும் தான். நம்ம ஆதார்ல கிருஷ்ணகிரின்னு இருக்கும், டிக்கெட் எடுத்துடுங்க.

6. இறங்குனதும் முதல் வேலை

ரிங் ரோட்ல வேன் நிக்க விடமாட்டாங்க, மெட்ரோ வேலை வேற நடக்குது. சர்வீஸ் ரோட்ல சட்டுன்னு இறக்கி விட்டுட்டு டிரைவர் தள்ளிப் போய் எங்கயாவது நிறுத்துவார். அதனால இறங்குறதுக்கு முன்னாடியே, வண்டிக்குள்ள உக்காந்திருக்கும்போதே மூணு விஷயம் முடிச்சுடுங்க: டிரைவர் நம்பர் எல்லார் போன்லயும் இருக்கணும், திரும்ப ஏறுற இடம் ஒரு கடைப் பேரோட எல்லாருக்கும் தெரியணும், ஏறுற நேரம் நாலு மணின்னா மூணே முக்கால்னு சொல்லிடணும்.

டிரைவரை லொக்கேஷன் அனுப்பச் சொல்லுங்க. நடுவுல பையெல்லாம் வண்டியில வெச்சுட்டு வரலாம்னு நினைக்காதீங்க, வண்டி ஒரு கிலோமீட்டர் தள்ளி நிக்கலாம். கையில தூக்குற அளவுக்கு தான் மதியம் வரைக்கும் வாங்கணும்.

15 பேரும் ஒரே கடைக்குள்ள நுழையாதீங்க. மூணு மூணு பேரா பிரிஞ்சுடுங்க, நல்ல ஆஃபர் பார்த்தவங்க குரூப்ல போட்டா போதும்.

7. எதை முதல்ல எடுக்குறது

போட்டுப் பார்க்க வேண்டியது முதல்ல. ஜீன்ஸ், பேண்ட், சட்டை, குர்த்தி இதெல்லாம் பன்னெண்டு மணிக்குள்ள முடியணும், ஏன்னா அதுக்கப்புறம் ட்ரையல் ரூம் வாசல்ல க்யூ நிக்கும், ஒரு பேண்ட்டுக்கு இருபது நிமிஷம் போகும். க்யூவுல நிக்க சோம்பப்பட்டு அளக்காம எடுத்துட்டு வர்றது தான் வீட்ல வந்து பொருந்தாம போற கதை.

ஷூ, செருப்பு மதியத்துக்கு மேல. அதுக்கு ட்ரையல் ரூம் வேண்டாம், அதோட காலையிலருந்து நடந்து பாதம் கொஞ்சம் உப்பி இருக்கும், அப்ப பொருந்துற ஷூ எப்பவும் கடிக்காது. ஆனா லிஸ்ட்ல ஷூ மட்டும் தான் முக்கியம்னா, அதுவும் யூகே 8, 9 சைஸ்னா, முதல்லயே போயிடுங்க, அந்த ரெண்டு சைஸ் தான் சீக்கிரம் தீரும்.

சாக்ஸ், பெல்ட், உள்ளாடை, பை, குழந்தைங்க துணி கடைசியில.

8. ஒவ்வொரு பீஸையும் பார்த்து எடுக்கணும்

இங்க அவசரமே கூடாது. அவுட்லெட்ல மூணு வகைச் சரக்கு கலந்து கிடக்கும். போன சீசன்ல விக்காத நல்ல பீஸ், தையல்லயோ சாயத்துலயோ குறை இருக்குற செகண்ட்ஸ், அப்புறம் அவுட்லெட்டுக்குன்னே மட்டமான துணியில தைச்சு அனுப்புறது. மூணாவது வகையில போட்டிருக்குற எம்.ஆர்.பி.யும் தள்ளுபடியும் கண்ணுக்கு அழகு, அவ்வளவு தான். டேக்ல இருக்குற ஆர்ட்டிக்கிள் நம்பரை போன்ல தட்டிப் பாருங்க. கம்பெனி வெப்சைட்லயோ மிந்த்ராவுலயோ அதே நம்பர் வந்தா நிஜமான ஷோரூம் சரக்கு, அங்க என்ன விலைன்னும் தெரிஞ்சுடும். சில நேரம் ஆன்லைன்லயே கம்மியா இருக்கும், பேசாம வெச்சுட்டு வந்துடுங்க.

துணியை உள்பக்கம் திருப்பிப் பாருங்க. அக்குள் தையல், பேண்ட் நடுத்தையல், ஜிப் மேல கீழ மூணு தரம் ஓடுதா, பட்டன் எண்ணிக்கை சரியா இருக்கா. கழுத்து லேபிள் குறுக்க வெட்டியிருந்தாலோ மார்க்கர்ல கோடு போட்டிருந்தாலோ பயப்படாதீங்க, ஷோரூம்ல கொண்டு போய் மாத்திடக் கூடாதுன்னு கம்பெனியே பண்றது.

ஷூவுல ரெண்டு விஷயம். டிஸ்ப்ளேல வெச்சிருந்த ஒத்தை ஷூ வெளிச்சம் பட்டு வெளுத்திருக்கும், டப்பாவுல இருந்த ஜோடி புதுசா இருக்கும், கடை லைட்ல ரெண்டும் ஒண்ணாத் தான் தெரியும். வாசல் பக்கம் வெளிச்சத்துல ரெண்டையும் சேர்த்து வெச்சுப் பாருங்க, ரெண்டோட நாக்குலயும் சைஸ் ஒண்ணா இருக்கான்னும் பாருங்க. அடுத்தது தேதி. டப்பாவுலயோ நாக்கு லேபிள்லயோ தயாரிச்ச மாசம் வருஷம் இருக்கும். பியூ (பாலியூரித்தேன்) சோல் போட்ட ஷூ நாலஞ்சு வருஷம் குடோன்லயே கிடந்தா காத்துல இருக்குற ஈரத்துக்கே உள்ளுக்குள்ள இத்துப் போயிடும். பார்க்க புதுசாத் தான் இருக்கும், போட்டு நடந்தா சோல் பொடிப்பொடியா உதிரும். கட்டை விரலால பக்கவாட்டுல அழுத்தி, மடிச்சுப் பாருங்க. சின்னச் சின்ன வெடிப்பு தெரிஞ்சாலோ பிசுபிசுன்னு ஒட்டுனாலோ 80 பர்சென்ட் தள்ளுபடியா இருந்தாலும் விட்டுடுங்க.

"ஃபேக்டரி அவுட்லெட்"னு போர்டு போட்டதெல்லாம் கம்பெனி கடை கிடையாது. எல்லா பிராண்டும் ஒரே கடையில, எல்லாமே 500 ரூபாய்னு குவிச்சு வெச்சிருந்தா முக்கால்வாசி டூப்ளிகேட் தான். தெரிஞ்சே எடுத்தா தப்பில்ல, ஒரிஜினல்னு நினைச்சு எடுக்காதீங்க.

9. பில் போடுற இடம்

50 பர்சென்ட்டுக்கு மேல 20 பர்சென்ட்னா 70 கிடையாது. 2,000 ரூபா சட்டை முதல்ல 1,000 ஆகும், அதுல 20 பர்சென்ட் போய் 800. மொத்தத் தள்ளுபடி 60 தான். கவுண்ட்டர்ல நின்னு சண்டை போடுறதுக்கு முன்னாடி இதை மனசுல வெச்சுக்கோங்க.

எம்.ஆர்.பி.ன்னாலே எல்லா வரியும் உள்ள சேர்ந்தது. தள்ளுபடி விலைக்கு மேல ஜி.எஸ்.டி. தனின்னு சில இடத்துல சொல்லுவாங்க, பில் அடிக்கிறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க. 2025 செப்டம்பர் 22லருந்து பீஸ் 2,500 ரூபா வரைக்கும் துணிக்கும் செருப்புக்கும் 5 பர்சென்ட், அதுக்கு மேல 18. தனியா கேட்டு அடம் பிடிச்சா அந்தப் பொருளை வெச்சுட்டு வாங்க, இல்லன்னா பில்லோட 1915க்கு போன் பண்ணலாம், அது தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன். பில்லுல ஜி.எஸ்.டி. நம்பர் இருக்கான்னும் பாருங்க, பெங்களூரு கடைன்னா 29ல ஆரம்பிக்கும்.

3 எடுத்தா 1 ஃப்ரீ மாதிரி ஆஃபர்ல ரெண்டு குடும்பம் சேர்ந்து ஒரே பில் போடலாம், லாபம் தான். ஆனா ஃப்ரீ யாருக்கு, காசு எப்படிப் பிரிக்கிறதுன்னு கவுண்ட்டருக்கு வர்றதுக்கு முன்னாடியே பேசிடுங்க. பில்லுல கட்டுன மொத்தக் காசை நாலால வகுக்குறது தான் சண்டை வராத வழி.

பையை வீட்லருந்தே கொண்டு போங்க, கடைப் பைக்கு தனிக் காசு போடுவாங்க. ஆடி மாசம் பெங்களூருல சாயங்காலம் தூறல் இருக்கும், உள்ள ஒரு பெரிய பிளாஸ்டிக் கவர் போட்டுக்கோங்க.

10. சாப்பாடு, பாத்ரூம்

ரோட்டோரக் கடைங்கள்ல பாத்ரூம் இருக்காது. ஓசூர்ல டிபன் சாப்பிட்ட இடத்துலயே எல்லாரும் போயிட்டு வந்துடணும், அதுக்கப்புறம் மதியச் சாப்பாட்டு ஹோட்டல் தான். சாப்பாடு பன்னெண்டரைக்கே முடிச்சுடுங்க, ஒன்றரைக்கு மேல 15 பேருக்கு டேபிள் கிடைக்காது. புளிசாதம் கட்டிட்டுப் போறது நல்ல யோசனை மாதிரி இருக்கும், உக்காந்து சாப்பிட இடம் இல்லங்கிறது அங்க போன பிறகு தான் தெரியும்.

11. திரும்பி வர்றதும் அதுக்கப்புறமும்

ஏறுனதும் லிஸ்ட் பார்த்து தலை எண்ணுங்க, அப்புறம் ஒவ்வொருத்தரும் அவங்கவங்க பையை எண்ணணும். ஹோட்டல் டேபிளுக்கு அடியில ஒரு பை எப்பவும் தங்கிடும், வண்டி அங்க இருக்கும்போதே தெரிஞ்சா போய் எடுத்துட்டு வந்துடலாம், சூளகிரி தாண்டுன பிறகு தெரிஞ்சா போனது போனது தான்.

வேன் கணக்கை வண்டியிலயே முடிச்சுடுங்க. வாடகை, டோல், பேட்டா கூட்டி, அட்வான்ஸ் கழிச்சு, மீதியை ஆளாளுக்கு ஜிபே பண்ணச் சொல்லி, வந்ததை வந்ததா குரூப்ல டிக் அடிங்க. வீட்டுக்குப் போய் அனுப்புறேன்னு விட்டா பத்து நாள் கழிச்சு நீங்க தான் கேட்டு அலையணும்.

பில் எல்லாத்தையும் அன்னிக்கு ராத்திரியே போட்டோ எடுங்க, அந்த வழவழப்பான தெர்மல் பேப்பர் பில்லு நாளாக ஆக வெளுத்துடும். மறுநாள் டேக்கை வெட்டாம எல்லாத்தையும் ஒரு தடவை போட்டுப் பாருங்க. சில அவுட்லெட்ல மாத்தவே மாட்டாங்க, சிலதுல ஒரு வாரம் டைம் தருவாங்க, அதுவும் அதே கடையில மட்டும். ஒரு சட்டைக்காக நாம திரும்ப பஸ் ஏறப் போறதில்ல, ஆனா எலக்ட்ரானிக் சிட்டியிலயோ ஒயிட்ஃபீல்டுலயோ தங்கி வேலை பார்க்குற பசங்க நம்ம தெருவுல வீட்டுக்கு ஒருத்தர் இருப்பாங்க, வாரக் கடைசியில வந்துட்டுப் போறப்ப குடுத்து விட்டுடலாம். துணியோட ஒரிஜினல் பில்லும் சேர்த்துக் குடுங்க, போட்டோவை வெச்சு நிறைய கடையில மாத்தித் தர மாட்டாங்க.